ஊருக்கெல்லாம் கார் கொடுத்த ஹென்றி ஃபோர்டு

– இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்



நம்ம இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பாடத்தில் ஹென்றி ஃபோர்டுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் ஒன்றரை வரி. அசெம்பிளி லைன் முறையைப் புகுத்தினார், அதனால் உற்பத்திச் செலவு குறைந்தது, அவ்வளவுதான். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். மற்றபடி ஃபோர்டு என்றால் நமக்கு ஆள் நினைவுக்கு வருவதில்லை, மறைமலை நகர் தொழிற்சாலைதான் வரும். 1999இல் ஐகான் கார் அங்கேதான் வெளிவந்தது. 2022இல் அங்கே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இன்னும் ஒரு வருஷத்தில் நம்மில் எத்தனையோ பேர் ஏதாவது ஒரு கம்பெனி லைனில் போய் நிற்கப் போகிறோம். சில பேர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, லைனில் நிற்கிறவர்களைக் கண்காணிக்கவும் சொல்வார்கள். அந்த லைனைப் போட்ட மனுஷனை ஒன்றரை வரியோடு விட்டுவிட எனக்கு மனசில்லை. அதனால்தான் மலருக்கு இந்தக் கட்டுரை.

1863 ஜூலை 30ஆம் தேதி, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஹென்றி. அப்பா வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். நிலம் நீச்சு உண்டு, சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் பையனுக்கு விவசாயத்தில் மனசே ஒட்டவில்லை. கையில் கிடைத்த கடிகாரத்தை எல்லாம் கழற்றுவான், திரும்ப மாட்டுவான். 1876இல் அம்மா இறந்துபோனார். அதே வருஷம் ரோட்டில் தானாக நகர்ந்து வந்த ஒரு நீராவி இன்ஜினைப் பார்த்தான். குதிரை இல்லாமல் வண்டி ஓடுகிறதே! அந்தக் காட்சி அவன் மனசை விட்டுப் போகவே இல்லை. 16 வயதில் டெட்ராய்ட்டுக்குக் கிளம்பிவிட்டான். மெஷின் ஷாப்பில் அப்ரண்டிஸ் வேலை. அந்தச் சம்பளம் தங்குவதற்கும் சாப்பிடுவதற்குமே பத்தாமல், ராத்திரியில் ஒரு நகைக்கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தான். படிப்பு என்றால் கிராமத்துப் பள்ளிக்கூடம்தான், காலேஜ் எல்லாம் கிடையாது.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. போகப் போக அந்தத் தெம்பு என்ன ஆனது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

1888இல் கிளாராவைக் கல்யாணம் செய்தார். 1891இல் டெட்ராய்ட்டில் எடிசன் பெயரில் இருந்த மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் தலைமை இன்ஜினியர் ஆனார். நல்ல வேலை, நல்ல சம்பளம். நம்ம வீட்டில் என்றால் அதோடு சாமிக்குப் பொங்கல் வைத்து முடித்திருப்பார்கள்! இவரோ ராத்திரியெல்லாம் இன்ஜினோடு மல்லுக்கட்டினார். 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, தன் முதல் பெட்ரோல் இன்ஜினை வீட்டுச் சமையலறைத் தொட்டியில் பொருத்தி ஓட்டிப் பார்த்தாராம். பண்டிகைச் சமையலை விட்டுவிட்டு, பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றியது கிளாரா. பக்கத்து அறையில் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எட்செல் என்ற அந்தக் குழந்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1896 ஜூனில் முதல் வண்டி தயார். நான்கு சைக்கிள் சக்கரம், பின்னால் ரிவர்ஸ் கியரே இல்லாத ஒரு கூடு! வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வைத்துச் செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது, கதவு வழியாக வண்டி வெளியே வராது என்று. கோடரியை எடுத்துச் சுவரை இடித்து வண்டியை வெளியே கொண்டு வந்தார். டிராயிங் போடும்போது டைமென்ஷனைச் சரி பாருங்கள் என்று நம்ம சார் தலைபாடாக அடித்துக்கொள்வது சும்மா இல்லை!

அடுத்து வந்தது தோல்வி. 1899இல் பணக்காரர்களைச் சேர்த்து ஆரம்பித்த கம்பெனி 1901இல் மூடப்பட்டது. அதே வருஷக் கடைசியில் இன்னொரு கம்பெனி. பணம் போட்டவர்களோடு சண்டை போட்டு 1902இல் அதிலிருந்தும் வெளியே வந்தார். அந்தக் கம்பெனிதான் பிறகு காடிலாக் ஆனது. மூன்றாவதாக 1903 ஜூனில், 28,000 டாலர் கைமுதலோடு ஆரம்பித்ததுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி. இந்த முறை ஜேம்ஸ் கசன்ஸ் என்ற கறாரான கணக்குப்பிள்ளை கூட இருந்தார். பணத்தை அவர் பார்த்துக்கொண்டார், இவர் மெஷினைப் பார்த்துக்கொண்டார். ஃபோர்டின் வெற்றியில் கசன்ஸுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் கார் என்பது பணக்காரன் பொம்மை. பணம் போட்டவர்களும் விலை உயர்ந்த கார் செய்யத்தான் சொன்னார்கள், அதில்தான் லாபம் என்று. ஃபோர்டு ஒத்துக்கொள்ளவில்லை. விவசாயி வாங்கணும், மண்ரோட்டில் ஓடணும், கெட்டுப்போனால் வீட்டிலேயே ஸ்பேனரை எடுத்துச் சரி பார்த்துக்கொள்ளணும். இந்தப் பிடிவாதத்தில் 1908 அக்டோபரில் பிறந்தது மாடல் டி. நான்கு சிலிண்டரும் ஒரே பிளாக்கில் வார்த்தது, கழற்றி மாட்டும் சிலிண்டர் ஹெட், எடை குறைவாகவும் பலமாகவும் இருக்க வனேடியம் ஸ்டீல், 20 குதிரைத்திறன். இன்றைக்கு நாம் லேபில் கழற்றும் இன்ஜினுக்கும் அதற்கும் சொந்தம் இருக்கிறது. விலை 850 டாலர். அடேயப்பா, மலிவுதான்! ஆனாலும் விவசாயிக்கு அது பெரிய பணம். விலையை இன்னும் இறக்க வேண்டும் என்றால் செய்யும் முறையை மாற்றியே ஆகணும்.

அதுவரை கார் ஒரு இடத்தில் நிற்கும், ஆட்கள் அதைச் சுற்றி வருவார்கள். சாமானைத் தேடி எடுத்து வருவதிலேயே பாதி நேரம் போகும். சிகாகோ இறைச்சிக் கூடங்களில் தலைகீழாகத் தொங்கவிட்ட மாடு ஆட்களுக்கு முன்னால் நகர்ந்து போகும். ஒவ்வொருவரும் ஒரு துண்டை மட்டும் வெட்டுவார்கள். அதை அப்படியே திருப்பிப் போட்டால்? அங்கே பிரித்தார்கள், இங்கே சேர்ப்போம். 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் முதலில் மேக்னட்டோவுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு ஆள் தனியாகச் செய்தால் 20 நிமிஷம் பிடித்த வேலை 13 நிமிஷத்துக்கு வந்தது. பெல்ட்டின் உயரம், வேகம் எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்ததில் கடைசியில் 5 நிமிஷம்! பிறகு சேசிஸைக் கயிறு கட்டி இழுத்தார்கள், அப்புறம் சங்கிலி. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் அசெம்பிளி, 1914இல் 93 நிமிஷம்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது ஃபோர்டு என்ற தனி ஆள் மூளையில் உதித்தது இல்லை. சோரன்சன், மார்ட்டின், ஏவரி, கிளான் என்று எத்தனையோ பேர் ஷாப் ஃப்ளோரில் நின்று முட்டி மோதிக் கண்டுபிடித்தது. ஃபோர்டின் பெருமை என்னவென்றால், செய்து பாருங்கள் என்று அவர்களை விட்டார். கெட்டுப்போனாலும் திட்டாமல் மறுபடி செய்யச் சொன்னார். அந்த நாள் ஃபோர்டு ஷாப்புக்குள்ளேயேதான் கிடப்பார். நல்ல டூல்ரூம் ஆளைப் பார்த்தால் தோளில் கை போட்டுப் பேசுவார். இந்த ஃபோர்டை எனக்குப் பிடிக்கும்.

எங்கம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாங்க. அங்கேயும் லைன்தான். ஒருத்தர் ஓவர்லாக், ஒருத்தர் கைமடி, ஒருத்தர் காலர், கடைசியில் செக்கிங். காலர் அடிக்கிறவர் வருஷக்கணக்காகக் காலரேதான் அடிப்பார், முழு சட்டை தைக்க வராது. பன்னிரண்டரை மணி நேரம் 93 நிமிஷமான கதையை நான் பெருமையாகச் சொன்னபோது அம்மா ஆச்சரியமே படவில்லை. அந்தக் கம்பெனியில் பாத்ரூம் போக எவ்வளவு நேரம் விட்டார்கள் என்று மட்டும் கேட்டாங்க. நம்ம புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. தேடிப் படித்துப் பார்த்தேன். ஹைலண்ட் பார்க்கில் சாப்பாட்டு இடைவேளை 15 நிமிஷம், அதற்குள்தான் எல்லாம். வேலை நேரத்தில் பேசக்கூடாது. பின்னாட்களில் உதடு அசையாமல் பேசும் ஒரு வித்தையையே ஃபோர்டு தொழிலாளிகள் பழகிக்கொண்டார்கள்.

ஆகவே என்ன நடந்தது? ஆட்கள் நிற்கவில்லை! 1913இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஆணியை ஒரே பக்கம் நாள் முழுக்க முடுக்கிவிட்டு, மறுநாள் காலையில் வராமலே போய்விடுவார்கள். ஆளுக்கு ஆள் கற்றுக்கொடுத்தே கம்பெனிக்குப் பணம் கரைந்தது.

அப்போதுதான் அந்த அறிவிப்பு. 1914 ஜனவரி 5ஆம் தேதி: இனி ஒரு நாளுக்கு 5 டாலர், வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 மணி. அதுவரை கிடைத்தது 2.34 டாலர். உலகமே திரும்பிப் பார்த்தது. மற்ற முதலாளிகள் இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். கொட்டும் பனியில் வாசலில் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து நின்றார்கள். தள்ளுமுள்ளு ஆனபோது, அந்த உறைகிற குளிரில் அவர்கள் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டினார்கள். ஐந்து டாலர் கதையைச் சொல்கிறவர்கள் இந்தத் தண்ணீரைச் சொல்வதில்லை.

பலன் கிடைத்ததா என்றால் கிடைத்தது. ஆட்கள் நின்றார்கள், உற்பத்தி ஏறியது, விலை இறங்கியது. 1925இல் மாடல் டியின் எளிய வகை 260 டாலர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய கூலிக்குப் பழைய விலையில் கார் வாங்க ஒரு தொழிலாளி 363 நாள் உழைக்கணும். புதுக் கூலியை 5 டாலர் என்றே வைத்தாலும் 52 நாள் போதும். தான் செய்யும் பொருளைத் தானே வாங்கும் தொழிலாளி! அதுவரை உலகம் பார்க்காத காட்சி இது. 1926இல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்பதையும் கொண்டு வந்தார். கறுப்பினத்தவருக்கு வேறு யாரும் கதவைத் திறக்காத காலத்தில் ஆயிரக்கணக்கில் வேலை கொடுத்தார். கை கால் இழந்தவர்கள், ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கும் வேலை கொடுத்தார். இதையெல்லாம் மறைத்தால் பாவம்.

ஆனால் அந்த ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதிதான் கூலி. மீதி லாபத்தில் பங்கு என்று பெயர். அதை வாங்க நிபந்தனைகள் உண்டு. ஆறு மாதம் வேலை பார்த்திருக்கணும். பெண்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் கிடையாது. இதற்கென்று சமூக இயல் இலாகா என்று ஒன்றை வைத்தார். அதன் ஆட்கள் தொழிலாளி வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். வீடு சுத்தமா, குடிக்கிறானா, பாங்கில் எவ்வளவு போட்டிருக்கிறான், வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறானா, கூட இருப்பது கட்டிய மனைவிதானா... எல்லாம் நோட்டில் ஏறும். தேறாவிட்டால் லாபப் பங்கு நிறுத்தம். திருந்தாவிட்டால் வேலையும் போகும். குடிகாரன் திருந்தினால் குடும்பத்துக்கு நல்லதுதானே என்று நம்மில் சிலர் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எங்க வீட்டுப் படியேறி ஒருத்தர் வந்து அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு அம்மா சம்பளத்தை முடிவு செய்வார் என்று நினைத்துப் பார்த்தேன். பகீர் என்றது. வந்து பார்த்தவரும் சம்பளத்துக்கு நோட்டு எழுதியவர்தான், முதலாளி இல்லை. நண்பர்களே, டிப்ளமோ முடித்துப் போகும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த நோட்டுக்காரர் நாற்காலிதான். இந்தப் பக்கம் நம்ம அப்பா அம்மா மாதிரி ஆட்கள், அந்தப் பக்கம் நமக்குச் சம்பளம் கொடுப்பவர்.

இனி இறங்குமுகம். 1915இல் கசன்ஸ் சண்டை போட்டு விலகினார். 1919இல் மற்ற பங்குதாரர்கள் அத்தனை பேரையும் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வெளியேற்றிவிட்டு, கம்பெனி முழுவதையும் குடும்பச் சொத்தாக்கினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச இனி ஆள் இல்லை. நட்ஸன் என்ற கெட்டிக்கார இன்ஜினியர் 1921இல் வெளியே போனார். போனவர் சும்மா போகவில்லை, ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து செவர்லே காரைத் தூக்கி நிறுத்தினார். அங்கே தவணையில் கார் கொடுத்தார்கள், கலர் கலராகக் கொடுத்தார்கள், வருஷத்துக்கு வருஷம் உருவத்தை மாற்றினார்கள். ஃபோர்டோ 1914இலிருந்து 1925 வரை கறுப்பைத் தவிர வேறு கலரே கொடுக்கவில்லை. கடன் வாங்கிப் பொருள் வாங்குவது தப்பு என்பது அவர் கொள்கை. மாடல் டியில் கை வைக்க யாரையும் விடவில்லை. அவர் ஐரோப்பா போயிருந்த சமயம் ஆட்கள் ஆசையாகச் செய்து வைத்திருந்த புது மாதிரியைத் திரும்பி வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைப் பிய்த்து, கண்ணாடியை உடைத்து எறிந்தார் என்று ஒரு கதை உண்டு. பணக்காரர்கள் சொன்னதைக் கேட்காமல் ஏழைக்குக் கார் செய்த அதே பிடிவாதம்தான்! 1927 மே மாதம், ஒன்றரைக் கோடி கார் விற்ற பிறகு, வேறு வழியில்லாமல் மாடல் டியை நிறுத்தினார். அடுத்த மாடலுக்கு எந்தத் திட்டமும் தயாராக இல்லை. தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது, பல்லாயிரம் பேர் கூலி இல்லாமல் தெருவில் நின்றார்கள். அந்த வருஷம் செவர்லே முந்திக்கொண்டது.

என் தெம்பு முழுசாகப் போன இடம் வேறு. சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகையை வாங்கி, 1920இலிருந்து யூதர்களுக்கு எதிராக வாராவாரம் விஷம் கக்க வைத்தார். உலகத்தில் நடக்கும் கெட்டதுக்கெல்லாம் அவர்கள்தான் காரணம் என்று கட்டுரைகள். அவை புத்தகமாகி ஜெர்மனிவரை போயின. ஹிட்லர் தன் சுயசரிதையில் ஃபோர்டைப் பாராட்டி எழுதும் அளவுக்குப் போனது. வழக்கு வந்த பிறகு 1927இல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். ஆனால் 1938இல், 75ஆவது பிறந்த நாளில், ஹிட்லர் அரசு கொடுத்த பதக்கத்தை வாங்கிக்கொண்டார். பெரிய தொழில் செய்தவர், வயசானவர், தெரியாமல் செய்துவிட்டார் என்று பூசி மெழுக என்னால் முடியவில்லை. தெரிந்தேதான் செய்தார். ஒரு துறையில் ஜெயித்ததால் எல்லாத் துறையிலும் தான் சொல்வதே சரி என்ற நினைப்பு அவருக்கு வந்திருந்தது.

1930களில் ரூஜ் ஆற்றங்கரைத் தொழிற்சாலை ஹாரி பென்னட் என்ற ஆள் கைக்குப் போனது. பெயர் சர்வீஸ் இலாகா. வேலை, அடியாள் வைத்துத் தொழிலாளியை மிரட்டுவது. 1932 மார்ச் 7ஆம் தேதி, வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையும் நிவாரணமும் கேட்டு ஊர்வலமாக வந்தார்கள். மறுபடியும் குளிர், மறுபடியும் குழாய்த் தண்ணீர். இந்த முறை துப்பாக்கிச் சூடும் சேர்ந்தது. அங்கேயே நான்கு பேர் செத்தார்கள், ஐந்தாமவர் பிறகு இறந்தார். 1937 மே 26ஆம் தேதி, சங்கத் துண்டறிக்கை கொடுக்க வந்த வால்டர் ரூத்தரையும் அவர் தோழர்களையும் தொழிற்சாலை மேம்பாலத்தில் வைத்து மிதித்தார்கள். பத்திரிகைக்காரர்களின் படங்களையும் பிடுங்கினார்கள். தப்பிய சில படங்கள் நாடு முழுக்க வெளியாகி நாறிப்போனது. மற்ற கம்பெனிகள் எல்லாம் சங்கத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் ஃபோர்டு அசையவில்லை. 1941இல் பெரிய வேலைநிறுத்தம் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ரத்தம் சிந்துவதைப் பார்க்கப் பொறுக்காமல், கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று கிளாரா சொன்னதால்தான் இறங்கி வந்தார் என்பார்கள். அன்றைக்குப் பெட்ரோல் சொட்டுவிட்ட அதே கிளாராதான்.

சமையலறைக்குப் பக்கத்து அறையில் தூங்கிய குழந்தையைச் சொன்னேனே, எட்செல். 1919இலிருந்து கம்பெனியின் தலைவர் அவர்தான், பேருக்கு. நல்ல ரசனை உள்ளவர், மரியாதையானவர். மாடல் டிக்குப் பிறகு வந்த மாடல் ஏ கார் அழகாக இருந்ததற்கு அவர்தான் காரணம். சங்கத்தோடு பேசலாம் என்று சொன்னவரும் அவர்தான். மகன் காலையில் போடும் உத்தரவை அப்பா சாயங்காலம் ரத்து செய்வார், எல்லோருக்கும் முன்னால். மகனைவிட பென்னட்டைத்தான் நம்பினார். எட்செல் எதிர்த்துப் பேசவே இல்லை. 1943 மே மாதம் வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். வயசு 49. அப்போது வில்லோ ரன்னில் எட்செல் முன்னின்று கட்டிய தொழிற்சாலையில் போர் விமானங்கள் உருவாகிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் அங்கே மணிக்கு ஒரு விமானம் வீதம் வெளியே வந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை.

மகன் போன பிறகு, 79 வயதில், ஞாபகம் தடுமாறும் நிலையில் ஹென்றியே மறுபடி தலைவரானார். கம்பெனி சீரழிந்தது. வந்து குவிந்த பில்களைக் கூட்டிப் பார்க்காமல், எடை போட்டுச் செலவை மதிப்பிட்டார்களாம்! கடைசியில் கிளாராவும், எட்செலின் மனைவி எலினாரும் சேர்ந்து நின்றார்கள். பேரனிடம் பொறுப்பைக் கொடுக்காவிட்டால் தன் பங்குகளை விற்றுவிடுவதாக எலினார் சொன்னார். 1945 செப்டம்பரில் 28 வயது பேரன், இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, தலைவரானார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை பென்னட்டை வெளியே அனுப்பியது.

1947 ஏப்ரல் 7ஆம் தேதி, ஆற்றில் வெள்ளம் வந்து வீட்டு மின்நிலையம் மூழ்கியிருந்தது. எடிசன் கம்பெனியில் தலைமை இன்ஜினியராக இருந்தவர் வீட்டில் அன்று கரண்ட் இல்லை, டெலிபோனும் வேலை செய்யவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படுக்கப் போனார். ராத்திரி பதினொன்றே முக்கால் மணி வாக்கில், கிளாரா பக்கத்தில் இருக்க, உயிர் பிரிந்தது. வயசு 83.